சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது?

ராமநாதபுரம் கடற்கரைத் தொழில்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை மண்டபம் முதல் தொண்டி வரை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்களைப் பற்றியவை. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தால் வேலை தெரியவில்லை, வேலை தெரிந்ததும் போய்விடுகிறார் என்கிறார்கள் முதலாளிகள். மேலே வர வழியே இல்லை என்கிறார்கள் வேலை பார்ப்பவர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: நண்டு இறைச்சி எடுக்கும் கூடம் நடத்துகிறேன். நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லித் தருவதே இல்லை. கேட்டால் "எங்க கிலோ குறையுதே" என்கிறார்கள். கண்டித்தும் பார்த்துவிட்டேன். (மண்டபம்)

ப: அவர்கள் கேட்பது நியாயம். கிலோ கணக்கில் கூலி வாங்குகிற ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது. பயிற்சியின் செலவை நீங்கள் அவர் தலையில் வைத்திருக்கிறீர்கள். கண்டித்து இதை மாற்ற முடியாது. கூலி முறையை மாற்றினால் மாறும்.

சொல்லிக்கொடுக்கும் நாளில் அவருக்குக் கிலோ கணக்கு வேண்டாம். போன மாதம் சராசரியாக ஒரு நாளைக்கு என்ன சம்பாதித்தாரோ அதை அப்படியே கொடுத்து, மேலே ஒரு தொகை சேருங்கள். கற்றுக்கொள்பவருக்கும் முதல் மூன்று வாரம் நாள் கூலிதான். கிலோ கணக்கில் விட்டால் வேகம் காட்ட அவசரப்படுவார். அவசரத்தில் படிந்த கைப்பழக்கம் பிறகு லேசில் போகாது.

ஒருவரிடம் இரண்டு பேருக்கு மேல் விடாதீர்கள். அந்த இருவரும் அவருக்கு இடமும் வலமுமாக, ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் கத்தி பிடிக்கும் கை இடவலமாக மாறித் தெரியும். பார்த்துச் செய்கிறவருக்குக் குழப்பம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

விலை குறைந்த இறைச்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் கிளா, அதாவது கொடுக்கு இறைச்சி மட்டும். கை கழுவுவது, ஏப்ரன், தட்டுக்கு அடியில் ஐஸ் போடுவது எல்லாம் அதே வாரத்தில். இரண்டாம் வாரம் ஸ்பெஷல், அதாவது உடம்பிலிருந்து வரும் உதிரி இறைச்சி. மூன்றாம் வாரம் லம்ப், அதாவது உடம்பிலிருந்து வரும் துண்டு இறைச்சி. ஜம்போவைக் கடைசியில் தொடவிடுங்கள். நீந்தும் காலை அசைக்கிற அந்தப் பெரிய தசை இரண்டும் முழுசாக வந்தால்தான் ஜம்போ விலை. விரலால் அழுத்தி இழுத்தால் நார் நாராகப் பிரிந்து ஸ்பெஷல் விலைக்கு இறங்கிவிடும். முதலில் கால் மூட்டுப் பகுதியை வெட்டி, மூடியிருக்கும் மெல்லிய ஓட்டைக் கத்தி நுனியால் நெம்பி விலக்கி, தசையை அடியிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். இதைச் சொன்னால் புரியாது. ஒரு நண்டை ஆசிரியர் பாதி செய்து கொடுக்க, மீதியை மாணவி முடிக்கட்டும்.

அளக்கும் முறையில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். நேற்றைய நண்டோடு இன்றைய நண்டை ஒப்பிடக் கூடாது. பழைய ஓட்டைக் கழற்றிய புதிதில் நண்டுக்குள் தண்ணீர்தான் அதிகம், சதை குறைவு. எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் எடை வராது. ஆகவே ஒரே லாட்டிலிருந்து ஐந்து ஐந்து கிலோவாக மாணவிக்கும் ஆசிரியருக்கும் கொடுத்து, முடிந்ததும் ரகம் ரகமாக நிறுத்துப் பாருங்கள். ஓட்டுத் துண்டு எத்தனை கிடந்தது என்பதையும் எழுதுங்கள். எண்ணிக்கை வாராவாரம் இறங்கினால் பயிற்சி பலிக்கிறது என்று அர்த்தம். வேகம் தானாக வரும்.

கே: எங்கள் ஐஸ் பிளான்ட்டில் அம்மோனியா கம்ப்ரெஸர் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் லீவு எடுத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். இன்னொருவரைத் தயார் செய்ய எவ்வளவு நாள் ஆகும்? (பாம்பன்)

ப: ஒழுங்காகச் செய்தால் மூன்றிலிருந்து நான்கு மாதம். அதற்கு முன் உங்கள் ஆபரேட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவது ஆள் தயாரானதும் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு நிச்சயம் இருக்கும். அந்தப் பயம் இருக்கிறவரை முக்கியமான இடத்தில் கையைக் காட்ட மாட்டார். வேலைக்கு ஆபத்தில்லை, பயிற்சி முடிந்தால் வாரம் ஒரு நாள் முழு லீவு, கற்றுக்கொடுக்கும் மாதங்களுக்குத் தனி அலவன்ஸ் என்று எழுதியே கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் புதியவர் வால்வில் கை வைக்க வேண்டாம். மணிக்கு ஒரு முறை சக்ஷன் பிரஷர் (கம்ப்ரெஸர் வாயுவை இழுக்கும் பக்கம்), டிஸ்சார்ஜ் பிரஷர் (அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்), ஆயில் மட்டம், கூலிங் தண்ணீர், டேங்க் உப்புத்தண்ணீரின் வெப்பநிலை இவற்றைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். கூடவே பைப்லைனைக் கால்நடையாகத் தொடர்ந்து போய், எல்லா வால்வுக்கும் எண் கட்டி, ஒரு படம் வரையட்டும். அந்தப் படத்தை அவரே வரைய வேண்டும், ஆபரேட்டர் திருத்த வேண்டும். திருத்திய படத்தைச் சுவரில் மாட்டுங்கள்.

அடுத்த நாலு வாரம், ஆபரேட்டர் பக்கத்தில் நிற்க, நிறுத்தி ஓட்டும் பழக்கம். டிஸ்சார்ஜ் வால்வு திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் மோட்டாரைப் போட்டால் பிரஷர் ஏறி கேஸ்கட் போகும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். சக்ஷன் வால்வைச் சடாரென்று திறந்தால் திரவ அம்மோனியாவே கம்ப்ரெஸருக்குள் வரும். 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே சக்ஷனைக் குறைக்க வேண்டும். அந்தச் சத்தத்தை நல்ல ஆபரேட்டர் பிளான்ட்டுக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பார். புதியவர் காதுக்கு அது பழக ஒரு மாதமாவது ஆகும்.

ஆயில் டிரெயின் கடைசிப் பாடம். அம்மோனியாவில் ஆயில் கலக்காது. கனமானதால் அடியில் தங்கும். அதை வெளியேற்றும்போதுதான் விபத்துகள் அதிகம், ஆயில் தீர்ந்ததும் பின்னாலேயே அம்மோனியா வரும். கை எடுத்தால் தானே மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வால்வு இல்லாத பிளான்ட்டில் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் அந்த வால்வை வாங்கிப் போடுங்கள். டிரெயின் திறந்து வைத்துவிட்டு ஒரு நொடிகூட நகரக் கூடாது. இரண்டு பேர் இல்லாமல் செய்யவும் கூடாது.

கசிவு ஒத்திகை மாதம் ஒரு முறை வேண்டும். முகமூடியை மெஷின் ரூமுக்குள் மாட்டியிருக்கும் பிளான்ட்டுகள் இருக்கின்றன. கசிவு வந்தால் அதை எடுக்கவே உள்ளே போக வேண்டியிருக்கும். வெளியே, கதவிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கூரையில் ஒரு துணிப்பட்டை கட்டுங்கள், காற்று எந்தப் பக்கம் என்று அது சொல்லும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் எந்த வாசல் வழி ஓடுவது, வாடை அடிக்கும் மாதங்களில் எந்த வாசல் என்று இரண்டு இடம் குறித்து வையுங்கள், ஓடுவது எப்போதும் காற்று வரும் திசைக்கு. பரவும் வாயுவின் மேல் தண்ணீரைத் தூவலாம். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து இன்னும் வாயுவாகும். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஐஸ் கட்டி தூக்குகிறவர் உட்பட எல்லாருக்கும் இது தெரிய வேண்டும்.

கே: ராமேஸ்வரத்தில் லாட்ஜ். பையன்களைப் பழக்கி ஆளாக்கினால் ஒரு வருஷத்தில் மதுரைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். மூன்று வருஷம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கலாமா? சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

ப: ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அவர் சொத்து. பார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

பாண்ட் விஷயத்தில் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டு இடத்தில் பேசுகிறது. வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் சேரக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று எழுதியிருந்தாலும், 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை முழுவதும் கிடைக்கும் என்பதில்லை. 2025-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்று வருஷப் பாண்டை ஏற்றுக்கொண்டது உண்மை. அது வங்கி அதிகாரி பணி பற்றிய வழக்கு. ரூம்பாய்க்கும் அது அப்படியே பொருந்தும் என்று நம்பி இருக்காதீர்கள். வெளியே பணம் கட்டி ஒரு கோர்ஸுக்கு அனுப்பினால், அந்தப் பில் தொகையை மட்டும், வேலை பார்த்த மாதங்களைக் கழித்து, திருப்பித் தரும்படி முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். உங்கள் லாட்ஜிலேயே பெட்ஷீட் விரிக்கக் கற்றுக்கொடுத்ததற்குப் பாண்ட் கேட்பது சரியில்லை.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வருஷத்தில் ரூம், ரிசப்ஷன், கணக்கு மூன்றும் கற்ற பையனுக்குச் சம்பளம் முதல் நாள் போலவே இருந்தால் போகத்தான் செய்வார். ரூம் தனியாகப் பார்த்தால் இவ்வளவு, ரிசப்ஷன் ஷிப்டைத் தனியாக நடத்தினால் இவ்வளவு, ஆன்லைன் புக்கிங்கும் ஜி.எஸ்.டி. பில்லும் போட்டால் இவ்வளவு என்று படிப்படியாக எழுதி ஒட்டுங்கள். தேர்ச்சி பெற்ற மாதத்திலேயே உயர்வு கிடைக்க வேண்டும், தீபாவளி வரை காக்க வைக்கக் கூடாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் யாருக்கும் லீவு கொடுக்க முடியாது என்பது புரிகிறது. அதற்கு ஈடாக அடுத்த வாரம் எந்த எந்த நாள் யாருக்கு லீவு என்பதை முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுங்கள். பலர் வேலையை விடுவது சம்பளத்துக்காக மட்டும் அல்ல.

போகிறவருக்கு என்னென்ன வேலை தெரியும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பார்த்தார் என்று நல்ல அனுபவச் சான்று கொடுத்து அனுப்புங்கள். இந்தக் கடற்கரையில் வெளிநாடு போனவர்கள் திரும்பி வருவதும் சகஜம். வரும்போது பெரிய ஹோட்டல் அனுபவத்தோடு வருவார்கள்.

கே: ரிசப்ஷன் ஆட்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைக்கலாமா? (ராமேஸ்வரம், இன்னொரு வாசகர்)

ப: உங்கள் வருகைப் பதிவேட்டில் போன ஆறு மாத முகவரிகளைப் புரட்டுங்கள். வட மாநிலத்தாரும் ஆந்திரா, தெலங்கானாக்காரர்களும் அதிகம் என்றால் இந்தியும் தெலுங்கும்தான் முதல் தேவை. அறை வாடகை, வெந்நீர், தீர்த்தக் கிணறுகளில் நீராடும் நேரம், ஈரத்துணி எங்கே காயப்போடுவது, செக்-அவுட் இவ்வளவையும் சொல்ல முப்பது நாற்பது வாக்கியம் போதும். தினம் மதியம் கூட்டம் ஓய்ந்த அரை மணி நேரம், ஷிப்டுக்குள்ளேயே. ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் ஒரு வாரம்கூட ஓடாது.

கே: விசைப்படகு இஞ்சின் ஒர்க்ஷாப். என்னோடு சேர்த்து ஆறு பேர். ஐ.டி.ஐ. பையன்களை அப்ரண்டிஸாக எடுத்தால் அரசு உதவி உண்டு என்கிறார்களே? (தொண்டி)

ப: உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம். நீங்கள் இரண்டாவது வகை. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பையனுக்குத் தரும் மாத உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு தருகிறது. இணையதளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, பையனோடு ஒப்பந்தம் போட்டு, அதையும் பதிவு செய்ய வேண்டும். அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது. இதை மறந்துவிட்டுச் சேர்க்காதீர்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும், இஞ்சின்கள் பிரியும். வருஷம் முழுக்கப் பார்க்க முடியாததை அந்த இரண்டு மாதத்தில் பார்க்கலாம். ஆனால் உங்களுக்கும் அப்போதுதான் மூச்சுவிட நேரமில்லாத வேலை. அந்த அவசரத்தில் பையன் டீசலில் பார்ட்ஸ் கழுவி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே இரண்டு மாதத்தையும் கழித்துவிடுவான். அப்ரண்டிஸ் ஓடிப்போவதற்கு இதுவே பெரிய காரணம்.

அதனால் அவனை ஜனவரி, பிப்ரவரியிலேயே சேர்த்து, பழைய இஞ்சின் ஒன்றில் கழற்றி மாட்டப் பழக்குங்கள். தடைக்காலத்துக்கு முன் ஒரு நோட்டில் பத்து வேலை எழுதுங்கள்: டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) வைப்பது, நாசில் (டீசல் தெளிக்கும் முனை) சோதிப்பது, கடல்தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) மாற்றுவது, ஷாஃப்ட் அலைன்மென்ட் (இஞ்சினும் விசிறித் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று) பார்ப்பது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கட்டம்: பார்த்தான், கூடச் செய்தான், தனியாகச் செய்தான். ஜூன் 14-க்குள் அவன் ஐந்து வேலையாவது மூன்றாவது கட்டத்துக்கு வர வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அலைன்மென்ட்டில் ஒரு விஷயத்தை அவனுக்கு அவசியம் காட்டுங்கள். கரையில் நிற்கும் படகில், இஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இடைவெளி நூல் பிடித்த மாதிரி இருக்கும். படகு இறங்கி அதன் உடம்பைத் தண்ணீர் தாங்கியதும் அது மாறும். ஆகவே மிதந்த பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மறுபடியும் பார்க்காமல் போல்ட்டை முடுக்கக் கூடாது. ஸ்டெர்ன் பேக்கிங் (தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) சீக்கிரம் தேய்வதும், ஓடும்போது அதிர்வதும் பல நேரம் இதனால்தான். கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிக்கு மாதம் ஒரு தொகை தனியாகக் கொடுப்பது இங்கேயும் பொருந்தும்.

கே: இறால் கம்பெனியில் எட்டு வருஷமாகத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறேன். சூப்பர்வைசர்களை எப்போதும் வெளியிலிருந்து ஆண்களாகவே கொண்டுவருகிறார்கள். நான் எப்படிக் கேட்பது? (பெயர் வேண்டாம்)

ப: அம்மா, கேட்பதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள். சூப்பர்வைசர் செய்யும் வேலைகளில் ஏற்கெனவே நீங்கள் செய்பவை எவை? கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்) பார்ப்பது, கரும்புள்ளி விழுந்ததை ஒதுக்குவது, புதுப்பெண்களுக்குக் காட்டுவது, ஐஸ் குறைந்தால் சொல்வது. தெரியாதவை எவை? பெரும்பாலும் பதிவேடு எழுதுவதும் தெர்மாமீட்டரும்தான். தெர்மாமீட்டரைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஐஸை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் வைத்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். "எனக்குப் பதவி கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "ஒரு மாதம் வரவுப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கட்டும், பிறகு பாருங்கள்" என்று கேளுங்கள். மறுப்பது கஷ்டம்.

இனி உங்கள் முதலாளிக்கு. உணவு கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதற்கான ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இரண்டு வருஷம் செல்லும். எப்படியும் யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். மேசையில் எட்டு வருஷம் நின்றவரை அனுப்பினால் படித்தது அன்றைக்கே வேலைக்கு வரும். பயிற்சி நாளுக்குக் கூலி, பஸ் காசு, சாப்பாடு மூன்றும் கம்பெனி செலவு. நேரம் முக்கியம். மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு "பெண்கள் வருவதில்லை" என்று சொல்லாதீர்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு சேரும்படி வைத்தால் வருவார்கள்.

பதவி கொடுக்கும் அன்று, ஷிப்டில் எல்லாரும் நிற்கும்போது, அவர் எதையெல்லாம் தானே முடிவு செய்யலாம் என்று முதலாளியான நீங்களே வாயால் சொல்ல வேண்டும்: ஒரு டப்பை, அதாவது இறால் தொட்டியை, திருப்பி அனுப்பலாம், மறுபடி ஐஸ் போடச் சொல்லலாம், லோடிங்கை நிறுத்தலாம். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் முறை அவர் ஒரு டப்பை நிராகரிக்கும்போதே லாரிக்காரர் உங்களுக்குப் போன் போடுவார். அப்போது நீங்கள் "ஏற்று, ஏற்று" என்றால் அன்றோடு அந்தப் பதவி வெறும் பெயர்தான்.

கே: கடற்பாசி வளர்க்கும் குழு வைத்து, பதினைந்து பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். திரும்பி வந்து பாதியை மறந்துவிட்டார்கள். மறுபடி அனுப்ப வேண்டுமா? (தங்கச்சிமடம் பக்கம்)

ப: மறுபடியும் அதே மூன்று நாள் வேண்டாம். மூன்று நாளில் கட்டுவது, பராமரிப்பது, அறுப்பது, காயவைப்பது எல்லாவற்றையும் கேட்டால் யாருக்கும் மறக்கும். 45 நாள் பயிரில் எந்த வேலை எப்போது வருகிறதோ அன்று அதை மட்டும் காட்டுங்கள்.

கட்டும் நாள்: மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் தெப்பத்துக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 கட்டு, கட்டுக்கு 150 கிராம் வீதம் மொத்தம் 60 கிலோ விதைப்பாசி. முதல் பத்துக் கட்டைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள், பிறகு கையே அளவு சொல்லும். இறுக்கிக் கட்டினால் தண்டு அறுந்து போகும், தளர்ந்தால் அலை கொண்டுபோகும். விதையை வெயிலில் விட்டு வைக்காமல் ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். பிறகு வாரம் ஒரு நாள்: தெப்பத்தை உலுக்கிச் சேற்றையும் வேற்றுப் பாசியையும் போக்குவது, அடிவலை கிழிந்திருந்தால் தைப்பது, இல்லையென்றால் மீன் கடித்துத் தீர்த்துவிடும். நுனி வெளுத்து உதிர்ந்தால் அந்தக் கொத்தை உடனே பிய்த்து எடுப்பது. மழைத்தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும், காற்று ஓய்ந்து தண்ணீர் சூடேறினாலும் இந்த வெளுப்பு வரும். சந்தேகம் வந்தால் கொத்தோடு எடுத்துக்கொண்டு போய்க் கேட்க மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன.

அறுவடை நாளில் எல்லாத் தெப்பத்தையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். யார் கட்டிய தெப்பம் என்று சீட்டு கட்டித் தனித்தனியாக நிறுத்துங்கள். நல்ல பருவத்தில் போட்டதைப் போல நாலு மடங்கு வர வேண்டும். ஒருவர் தெப்பத்தில் மட்டும் தொடர்ந்து குறைந்தால் அடுத்த கட்டு நாளில் அவரை நன்றாக வருபவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், அன்று இருவருக்கும் நாள் கூலி. பச்சை எடைக்குக் கூலி பேசினால் தண்ணீர் வடியாமலே தராசுக்கு வரும். காய்ந்தால் பத்துக்கு ஒன்றுதான் தேறும், அதனால் காய்ந்த எடையைப் பேசுங்கள். தார்ப்பாயில் மணல் ஒட்டாமல் காயவைக்கும் பாடத்தையும் அன்றைக்கே நடத்திவிடலாம்.